ஃபலனாப்சிஸில் புள்ளியும் கோடும்: நிறக்கோலம் பார்த்துக் கலப்பினம் உருவாக்க முழுமையான வழிகாட்டி

ஆர்க்கிட்டில் கலப்பினம் செய்ய வேண்டும் என்று நினைத்ததுமே பலரும் பல்குத்தும் குச்சியைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். மகரந்தம் வைப்பது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தின் பலனைப் பூவாகப் பார்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் குச்சி பிடிப்பதில் அல்ல, அதற்கு முந்தைய வேலையில்: "இதுவும் அழகு, அதுவும் அழகு, இரண்டையும் சேர்ப்போம்" என்று ஜோடி போடுவதில்.

கீழே உள்ள நாள்கணக்கும் அளவுகளும் ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைக்கு மட்டும். இதன் காய் ஐந்து மாதத்துக்குள் விதைக்கத் தயாராகிவிடும். கேட்லியா, வாண்டா என்ற மற்ற ஆர்க்கிட் வகைகளுக்கு அதிகக் காலம் வேண்டும். டென்ட்ரோபியத்தின் மகரந்தக் கட்டியைக் கையாளும் விதமே வேறு.

1. பூவை அடுக்கடுக்காகப் படியுங்கள்

ஃபலனாப்சிஸ் பூவின் நிறம் வாளியில் கலக்கிய பெயின்ட் அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்த துணிகள் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடியில் இருப்பது தரை நிறம்: வெள்ளை, மஞ்சள் அல்லது பச்சை. மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு, பச்சைக்குக் காரணம் பச்சையம். இதன்மேல் போர்த்தியிருப்பது ஆந்தோசயனின் என்ற இளஞ்சிவப்பு, ஊதா நிறமி. சிவப்புப் பூ என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் மஞ்சள் தரையும் அதன்மேல் ஊதாப் போர்வையும் இருக்கும். அதனால்தான் சிவப்பை வெள்ளையோடு சேர்த்தால் வெளிர் சிவப்பு வருவதில்லை. தரை மஞ்சள் நீர்த்துப்போய், மங்கிய இளஞ்சிவப்பு வருகிறது.

தரை நிறம் தெரிய எளிய வழி, பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. போர்வை நிறம் முன்பக்கத் தோலில்தான் அடர்த்தியாக இருக்கும். பின்பக்கம் அடித்தரையைக் காட்டிக்கொடுத்துவிடும். வாங்கப் போகும் செடியில் இதைச் செய்யாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, போர்வை எப்படி விரிந்திருக்கிறது என்று பாருங்கள். முழு நிறம், புள்ளி, நரம்புக் கோடு ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டுப்பாட்டில் உள்ளவை. எம்.ஒய்.பி. வகை மரபணுக்களில் எண் 2 முழு நிறத்தையும், எண் 11 புள்ளியையும், எண் 12 நரம்புக் கோட்டையும் இயக்குவதாகத் தைவான் ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். தோட்டக்காரருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: முழு நிறப் பூவுக்குள்ளும் கோடு இருக்கலாம், கண்ணுக்குத்தான் தெரியாது.

உதடு, அதாவது பூவின் நடுவே வேறு வடிவில் இருக்கும் கீழ் இதழ், தனிக் கணக்கு. வெள்ளைப் பூவில் சிவப்பு உதடு இருப்பதே அதற்குச் சாட்சி. குறிப்பேட்டில் ஒவ்வொரு செடிக்கும் நான்கு வரி எழுதுங்கள்: தரை, போர்வை, கோலம், உதடு. நான்கில் எதை மாற்ற விரும்புகிறீர்கள், எதைக் காப்பாற்ற விரும்புகிறீர்கள் என்று அதன்பிறகே முடிவு செய்ய முடியும்.

2. ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

கோடு வேண்டுமென்றால் கோட்டுப் பூவைக் கோட்டுப் பூவோடு, அல்லது சுத்த வெள்ளையோடு சேருங்கள். அடர் ஊதாவோடு சேர்த்தால் முழு நிறம் கோட்டை மூடிவிடும். பழைய கோட்டு வரிசைகளுக்குப் பின்னால் லிண்டனி, ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற இயற்கை இனங்கள் இருக்கின்றன.

புள்ளிக்கு ஸ்டூவர்ட்டியானா, லூட்டெமன்னியானா என்ற இனங்கள் இரண்டும் முக்கியம். ஸ்டூவர்ட்டியானாவில் பக்கவாட்டுப் புல்லி இதழ்களின் கீழ்ப்பாதியிலும் உதட்டிலும் பொடிப்புள்ளி இருக்கும். லூட்டெமன்னியானாவில் குறுக்குப் பட்டைகள். தொடங்குபவர்களுக்கு நல்ல பாடம் கசாண்ட்ரா என்ற கலப்பினம். ஈக்வெஸ்ட்ரிஸ், ஸ்டூவர்ட்டியானா இரண்டும் அதன் பெற்றோர். ஈக்வெஸ்ட்ரிஸிலிருந்து சின்னப் பூவும், ஸ்டூவர்ட்டியானாவிலிருந்து புள்ளியும் ஒரே செடியில் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜைகாண்டியாவின் வட்டப் பூவும் அடர் புள்ளியும் ஆசை காட்டும். ஆனால் அது பூக்கும் வயதுக்கு வருவதற்குள் பலர் ஆர்க்கிட்டையே விட்டுவிடுகிறார்கள். அதை நேரடியாக வாங்காமல், அதன் கலப்பினத்தை வாங்கிப் பெற்றோராக வைத்துக்கொள்வது உத்தமம்.

நிலைக்கும் மஞ்சளுக்கு வெனோசா. வேறு சில இனங்கள் தரும் மஞ்சள், பூ விரிந்த சில நாளில் வெளிறிவிடும். வயலேசியாவோடு வெனோசா சேர்ந்த பினாங் கேர்ள் என்ற கலப்பினம் நட்சத்திர வடிவப் பூக்களைத் தரும். ஒரு பூந்தண்டில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பூதான் இருக்கும். இந்த வகை இனங்களைப் பெரிய வெள்ளைப் பூவோடு சேர்த்தால் எண்ணிக்கை கூடும், நிறம் குறையும். இரண்டும் ஒரே தலைமுறையில் கிடைக்காது.

ஹார்லிக்வின் எனப்படும் பெரிய திட்டுப் பூக்கள் கோல்டன் பியோகர் என்ற கலப்பின வரிசையின் திசு வளர்ப்புச் செடிகளில் திடீர் மாற்றமாக வந்தவை. புள்ளி மரபணுவின் அருகில் ஒரு தாவும் மரபணு செருகிக்கொண்டதே காரணம். அதனால் இவை ஒரு செடிக்குள்ளேயே பூவுக்குப் பூ மாறும். பெற்றோராக வைத்தால் திட்டு சில நாற்றுகளில்தான் முழுதாக இறங்கும், சிலவற்றில் இதழ் சுருங்கி வளையும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

வெள்ளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிறமி உண்டாகும் பாதையில் வேறு வேறு இடத்தில் தடைபட்ட இரண்டு வெள்ளைப் பூக்களைச் சேர்த்தால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டி, பிள்ளைகள் நிறத்தோடு பிறக்கலாம். கேட்லியாவில் நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம் இது.

அடுத்து குரோமோசோம். ஃபலனாப்சிஸ் இனங்களில் 38. கடையில் விற்கும் பெரிய வெள்ளை, இளஞ்சிவப்புப் பூக்களில் பல நான்மடியம், அதாவது 76. இரண்டையும் சேர்த்தால் 57 கொண்ட மும்மடியம் பிறக்கும். பூ நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து அடுத்த தலைமுறை எடுப்பது மிகக் கடினம், காய் பிடித்தாலும் உள்ளே பதர்தான். தொடர்ந்து வரிசையாக வளர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரே மடியத்துக்குள் ஜோடி போடுங்கள். சந்தேகம் வந்தால் இலையின் அடித்தோலை உரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஓர் இனச்செடியின் இலைத்துளைக் காப்புச் செல்லைவிட நான்மடியத்தின் செல் தெளிவாகப் பெரியது.

எந்தச் செடி காய் சுமக்க வேண்டும்? வேர் நலமாக, குறைந்தது நான்கைந்து இலையோடு இருப்பது. பூ அளவு மிகவும் வேறுபட்டால் சின்னப் பூவைத் தாயாக வையுங்கள். சின்னப் பூவின் மகரந்தக் குழாய் பெரிய பூவின் நீளத்தைக் கடந்து சூலை எட்டாமல் போவதுண்டு.

லேபிள் இல்லாத செடியிலும் கலப்பினம் செய்யலாம். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் பெயர் பதிவு செய்ய முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

3. எத்தனை நாற்று வேண்டும் என்று முன்பே கணக்குப் போடுங்கள்

ஒடுங்கு பண்பு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளித்தெரிவது) ஒன்று, உதாரணமாக ஆந்தோசயனின் இல்லாத வெள்ளை, முதல் தலைமுறையில் மறைந்து, அந்தச் செடிக்கு அதன் மகரந்தத்தையே வைத்தால், அதாவது தன்மகரந்தம் செய்தால், இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்றாக வெளிவரும். அப்படி ஒரு செடியாவது கிடைக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் 11 நாற்று பூக்க வேண்டும். இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று. அதற்கு 47 நாற்று.

நான்மடியத்தில் கணக்கு கசக்கும். ஓங்கு, ஒடுங்கு மரபணு பாதிக்குப் பாதி கலந்த செடியைத் தன்மகரந்தம் செய்தால் ஒடுங்கு பண்பு 36-இல் ஒன்றுதான். அதே உறுதிக்கு 107 நாற்று வேண்டும். மாடித் தோட்டத்தில் 20 தொட்டிக்கு இடம் இருப்பவர் எடுக்க வேண்டிய வேலை இதுவல்ல.

தன்மகரந்தத்தைவிட ஒரே காயில் பிறந்த இரண்டு நல்ல செடிகளைச் சேர்ப்பது பெரும்பாலும் மேல். தொடர்ந்து தன்மகரந்தம் செய்தால் நாற்றின் வீரியம் குறைகிறது.

4. மகரந்தம் வைப்பதற்கு முன்பே இருக்க வேண்டியவை

முதலில் விதைக்க ஓர் இடம். ஆர்க்கிட் விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் பூஞ்சை ஒன்று ஊட்டினால்தான் முளைக்கும். வீட்டில் அதற்குப் பதில் சர்க்கரை கலந்த கிருமியற்ற ஊடகம், அதாவது விதை முளைக்கும் ஊட்டக்கூழ். காய் முற்றிய பிறகு ஆய்வகம் தேடினால் காய் காத்திருக்காது. நீங்களே விதைக்கப் போகிறீர்களா, திசு வளர்ப்பு ஆய்வகத்திடம் கொடுக்கப் போகிறீர்களா என்று இப்போதே பேசி முடியுங்கள்.

அடுத்து காலம். தமிழ்நாட்டுச் சமவெளியில் மார்கழிக் குளிருக்குப் பூந்தண்டு விட்டு, மாசி, பங்குனியில் பூக்கும். அப்போது மகரந்தம் வைத்தால் காய் முழுக் கோடையையும் தாண்ட வேண்டும். 35 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் இளங்காய் மஞ்சளித்து விழுவது சாதாரணம். ஆகஸ்ட், செப்டம்பரில் பூவோடு விற்கும் செடியை வாங்கி, அப்போதே மகரந்தம் வைப்பது நல்ல தந்திரம். காய் குளிர் மாதங்களில் முற்றும். ஏற்காடு போன்ற இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கையில் இருக்க வேண்டியவை: பல்குத்தும் குச்சிகள், ஸ்பிரிட், வெள்ளைத் தாள், பிளாஸ்டிக் லேபிள், பென்சில். பேனா வேண்டாம். மார்க்கர் மை வெயிலில் ஆறு மாதத்தில் போய்விடும், பென்சில் எழுத்து நிற்கும். தந்தைப் பூ முன்னதாகவே பூத்துவிட்டால், மகரந்தக் கட்டியை பட்டர் பேப்பரில் மடித்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சில மாதம் தாங்கும். ஃபிரீசரில் வேண்டாம். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

5. மகரந்தம் வைத்தல்

பூ விரிந்து நான்கு முதல் ஏழு நாள் ஆனதும் காலையில் செய்யுங்கள். நேற்று விரிந்த பூவில் சூல்முடி, அதாவது மகரந்தம் ஒட்டும் குழி, இன்னும் பிசுபிசுப்பாகியிருக்காது.

முதலில் தந்தைப் பூ. நடுத்தூணின் நுனியில் வெள்ளைத் தொப்பி போல இருப்பதைக் குச்சியால் கீழிருந்து மெல்ல நெம்புங்கள். தொப்பி கழன்றதும் இரண்டு மஞ்சள் மகரந்தக் கட்டிகள், ஒரு சிறு தண்டு, அடியில் பசையான தட்டு, எல்லாம் சேர்ந்து குச்சியில் ஒட்டி வரும். அடியில் வெள்ளைத் தாள் இருந்தால், விழுந்தாலும் தேட வேண்டாம்.

பிறகு தாய்ப் பூவின் சொந்த மகரந்தத்தை அகற்றுங்கள். இதை மறப்பதுதான் பெரிய தவறு. தொப்பி இடறிச் சொந்தக் கட்டி உள்ளே விழுந்தால், நான்கு ஆண்டு கழித்துத் தாயைப் போலவே பூக்கும் நாற்றுகள்தான் மிச்சம். வேறு குச்சி எடுங்கள், விரலில் ஸ்பிரிட் தடவி உலர விடுங்கள்.

நடுத்தூணின் கீழ்ப்புறத்தில், தொப்பி இருந்த இடத்துக்குச் சற்று உள்ளே, பளபளக்கும் குழி தெரியும். அதுதான் சூல்முடி. கட்டிகளை அதில் அழுத்தி வையுங்கள். பெரிய பூவின் கட்டி சின்னப் பூவின் குழிக்குள் நுழையாவிட்டால் ஒன்றை மட்டும், அல்லது பாதியாக வெட்டி வையுங்கள். திணித்தால் குழி கிழிந்து அழுகும்.

ஒரு தண்டில் இரண்டு பூவுக்கு வைத்து, இரண்டும் பிடித்தால் ஒன்றை நீக்குங்கள். லேபிளில் தாய் × தந்தை, தேதி. தாயின் பெயர்தான் முதலில் வரும்.

6. காய் முற்றும் வரை

ஓரிரு நாளில் இதழ் தொங்கும், குழி வீங்கி மூடிக்கொள்ளும். வயலேசியா, லூட்டெமன்னியானா வகையில் இதழ் உதிராமல் பச்சையாகி நிற்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பூக்காம்பு தடித்துப் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. மஞ்சளானால் போய்விட்டது.

காய் வீங்கியதும் கருவுற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். மகரந்தம் வைத்த பிறகுதான் சூல்களே வளரத் தொடங்குகின்றன. உண்மையான கருவுறுதலுக்குச் சுமார் இரண்டு மாதம் ஆகும். அதுவரை செடியை இடம் மாற்றாதீர்கள், வேரைக் காய விடாதீர்கள். தண்ணீரைக் காயின்மேல் ஊற்றாமல் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்.

விதைக்க இரண்டு வழி. 130 முதல் 150 நாளில் பச்சைக் காயாகவே பறிப்பது ஒன்று. உள்ளே இயல்பாகவே கிருமி இருக்காது என்பதால் புதியவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, காய் மஞ்சளித்து வெடிக்கும் வரை விட்டு உலர் விதை எடுப்பது. அப்படியானால் நான்காம் மாதமே மெல்லிய நைலான் துணியால் காயைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு காற்றுக்கு விதை முழுதும் பறந்துவிடும்.

7. விதைப்பு

ஒரு லிட்டர் ஊடகத்துக்கு அரைப்பங்கு எம்.எஸ். (திசு வளர்ப்புக்கான ஊட்ட உப்புக் கலவை) உப்புத்தூள் 2.2 கிராம், சர்க்கரை 20 கிராம், வடிகட்டிய இளநீர் 100 முதல் 150 மி.லி., ஆக்டிவேட்டட் சார்கோல் (கரித்தூள்) 1 கிராம், ஊடகத்தை இறுக்கும் அகர் 7 முதல் 8 கிராம். சில எம்.எஸ். பாக்கெட்டுகளில் சர்க்கரையும் அகரும் ஏற்கெனவே கலந்திருக்கும், அட்டையைப் படித்து அளவை மாற்றுங்கள்.

வரிசை முக்கியம்: உப்பு, சர்க்கரை, இளநீர் கரைந்ததும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 5.5-க்குச் சரிசெய்து, அதன்பிறகே அகரும் கரியும். பி.எச். 5-க்குக் கீழ் போனால் அகர் இறுகாது, விதை மூழ்கிவிடும்.

பாட்டிலில் கால்பங்கு ஊற்றி, மூடியைச் சற்றுத் தளர்த்தி, குக்கரில் அடுக்குங்கள். முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கினால் ஊடகம் பொங்கி மூடியை நனைக்கும், அந்த ஈரத்தின் வழியே பூஞ்சணம் ஏறும். விதைப்பதற்கு முன் பாட்டில்களை ஐந்து நாள் சும்மா வைத்துப் பாருங்கள். கிருமி இருந்தால் காயை இழப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பச்சைக் காயைச் சோப்புத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, உலர்ந்த பூப்பாகத்தை நறுக்கிவிடுங்கள். 70 சதவீத ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம், பிறகு நன்றாகக் கழுவி, ஒரு சொட்டுச் சோப்பு கலந்த 1 சதவீத ஹைப்போகுளோரைட் ப்ளீச்சில் 15 முதல் 20 நிமிடம். ஸ்பிரிட்டும் ப்ளீச்சும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

லேமினார் (கிருமி நீக்கிய காற்று வீசும் வேலை மேசை) இல்லாதவர்கள் இரண்டு கைத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வேலை செய்யலாம். மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் அரைமணி முன்பே நிறுத்துங்கள். இந்தப் பெட்டிக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம், தேங்கிய ஸ்பிரிட் ஆவி பற்றிக்கொள்ளும். பிளேடையும் கரண்டியையும் அலுமினியத் தாளில் சுற்றி ஊடகத்தோடே குக்கரில் வைத்து எடுத்தால் போதும்.

காயை நெடுக்காக வெட்டி, விதையை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஒரே பாட்டிலில் கொட்டினால் நெரிசலில் எல்லாம் குன்றும். மீதித் துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். விதையுறையின் நடுவே முட்டை வடிவக் கரு தெரிய வேண்டும். வெறும் கண்ணாடிப் பை மாதிரி இருந்தால் பதர். முளைக்கவில்லையே என்று ஊடகத்தைக் குறை சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

8. பாட்டிலிலிருந்து தொட்டிக்கு

25 டிகிரி ஒட்டிய வெப்பம், 12 முதல் 16 மணி நேர மென்வெளிச்சம். சில வாரத்தில் விதை வீங்கிப் பச்சை உருண்டையாகும். மூன்று, நான்கு மாதத்தில் புது ஊடகத்துக்கு இடைவெளி விட்டு மாற்றுங்கள். இந்த முறை லிட்டருக்கு 50 கிராம் வாழைப்பழக் கூழ் சேர்த்தால் வேர் நன்றாக இறங்கும். பெரிய, வேகமாக வளரும் நாற்றுகளை மட்டும் பொறுக்காதீர்கள். வேகத்துக்கும் கோலத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, தேடுகிற செடி பொடியனாகவும் இருக்கலாம்.

இலை 4, 5 செ.மீ., வேர் இரண்டு மூன்று என்றானதும் வெளியே எடுக்கலாம். விதைத்ததிலிருந்து சுமார் ஒரு வருடம். அகரை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதும் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரைதான் அழுகலை அழைக்கும். ஈரம் பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் பத்துப் பதினைந்தாக ஒரே தொட்டியில் வைத்து, முதல் மூன்று வாரம் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்து சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். மேயில் எடுத்தால் பாதி போகும், மழைக்காலத் தொடக்கம் நல்லது.

9. முதல் பூவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

முதல் பூ எப்போதும் சிறியது, எண்ணிக்கையும் குறைவு. வடிவத்தை அதில் மதிப்பிடலாம், அளவை மதிப்பிடக் கூடாது.

நிறத்துக்கு வெப்பத்தைக் குறித்து வையுங்கள். குளிரில் ஆந்தோசயனின் கூடும், வெக்கையில் மங்கும். ஜனவரியில் மொட்டு வைத்த செடியும் ஏப்ரலில் மொட்டு வைத்த செடியும் அருகருகே நின்றால், ஒப்பிடுவது செடியை அல்ல, தட்பவெப்பத்தை. ஒரே வாரத்தில் பூத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

படம் எடுக்கும்போது முன்பக்கம், பின்பக்கம், உதடு, மூன்றும் வேண்டும். விரிந்த நாளிலும் 20 நாள் கழித்தும் எடுத்தால் மஞ்சள் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே தண்டில் பூவுக்குப் பூ கோலம் மாறுகிறதா என்றும் எழுதுங்கள். இரண்டாம் முறையும் அதே கோலத்தில் பூத்தால்தான் அந்தச் செடியை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வையுங்கள். முதல் தலைமுறை எல்லாம் சுமார் என்று தூக்கி எறிபவர்கள், மறைந்திருக்கும் பண்பையும் சேர்த்தே எறிகிறார்கள். இரண்டு, மூன்று வலுவான செடிகளையாவது வைத்திருங்கள்.

10. பெயரும் பதிவும்

ஆர்க்கிட் கலப்பினங்களை லண்டனில் உள்ள ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி பதிவு செய்கிறது. உங்கள் ஜோடி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று அதன் இணையப் பதிவேட்டில் முதலில் தேடுங்கள். தாயையும் தந்தையையும் மாற்றிச் செய்திருந்தாலும் பெயர் அதேதான். பதிவாகியிருந்தால் அந்தப் பெயரையே பயன்படுத்த வேண்டும், புதுப் பெயர் கிடையாது.

இல்லையென்றால், நாற்று பூத்த பிறகு விண்ணப்பிக்கலாம். கலப்பினப் பெயர் அந்த ஜோடியில் பிறந்த எல்லா நாற்றுக்கும் பொது. அதில் ஒரு செடி மட்டும் தனித்து நின்றால், அதற்கு ஒற்றை மேற்கோள் குறிக்குள் தனிப்பெயர் சேர்க்கலாம். அந்தத் தனிப்பெயர் அந்தச் செடிக்கும் அதன் கிளைக்கன்றுகளுக்கும் மட்டுமே உரியது. அதன் விதையில் வந்த நாற்றுக்கு அதை எழுதி விற்றால் லேபிள் பொய்யாகிவிடும்.